நடு நெற்றி

ஆஸ்டின் டவுன் தையல் கடையில் காலை வெயில் துணி வெட்டும் மேஜைவரை வந்து நிற்கிறது. எதையும் சொல்லித்தரக் கூடாது என்ற வைராக்கியத்தோடு சஹானா ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள். பெயரை மறைத்துப் பேச வேண்டியவர்களின் செய்திகளை இணையத்தில் கைமாற்றிவிடும், மேஜைமேல் இருக்கும் சின்னப் பெட்டி அவள் செய்தது. கம்ப்யூட்டர் பக்கமே போகாத கடைக்காரி கோகிலா தனியாக அதை ஓடவிட்டால்தான் இதுபோன்ற பெட்டிகள் இன்னும் நூறு வீடுகளுக்குப் போகும். கோகிலா வயரைச் செருகுகிறாள். தையல் மெஷினுக்கு வைப்பதுபோலவே பெட்டியின் நடு நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, பொத்தானை அழுத்துகிறாள். எரிய வேண்டிய பச்சை விளக்கைக் காணோம். சஹானா உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். “ஓடுதும்மா,” என்கிறாள் கோகிலா, பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து. “சூடு ஏறுது பாரு. யாரு சேதி போவுது இதுல?” “எனக்கே தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது.” “அப்ப தைரியமா பேசட்டும்,” என்று கோகிலா தைக்கக் கிடந்த ரவிக்கைத் துணியை இழுத்துக்கொள்கிறாள். சஹானா குனிந்து பார்க்கிறாள். சந்தனத்தின் ஓரத்தில் நூலளவு பச்சை வெளிச்சம் கசிகிறது. துடைக்கப் போன விரலை மடக்கிக்கொண்டு நோட்டில் எழுதுகிறாள்: விளக்கை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், நடு நெற்றி பொட்டுக்கு.