சோமாலியாவுக்கு ஒரு பெட்டி

ஐந்தரை மணிக்கு டாக்ஸி வந்துவிடும்.

"ஏனுங்க, எங்கப்பா தெருமுனையில நிக்கறாருங்க. வழியனுப்ப உள்ள வரச் சொல்லட்டுங்களா?" என்றாள் மரகதம்.

"அந்த ஆள் என் வாசலை மிதிக்கக்கூடாது." ஈஸ்வரமூர்த்தி அவசரமாகப் பெட்டியைப் பூட்டினார்.

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. சோமாலியாவில் அகதிகளுக்குக் கிணறு வெட்ட இடம் பார்க்கப் போகிற நிலவியல் பேராசிரியர், பெட்டியில் எதை ஒளிக்கிறார்?

"முறுக்கு வெக்கோணும், தொறங்க."

"எடை கூடிப்போகும் அம்மணி."

"அதான் ரெண்டு சட்டையை வெளிய எடுத்துப்போட்டீங்களே? கூட வர்ற டாக்டரம்மாவுக்கு ஏதாச்சும் கொண்டு போறீங்களா?"

"பைத்தியமாட்டப் பேசாத."

அவர் குளிக்கப் போனதும், கழற்றிப் போட்டிருந்த சட்டையில் சாவி கிடைத்தது. பெட்டியில் துணிகளுக்கு அடியில், துண்டில் சுற்றி உருண்டையாக ஏதோ இருந்தது. பிரித்தாள்.

குடுமி வைத்த தேங்காய்.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு அப்பா உள்ளங்கையில் ஏந்தி நிலத்தடி நீரோட்டம் பார்ப்பாரே, அதே மாதிரித் தேங்காய். ஊரை ஏமாற்றும் வேலை என்று திட்டித்தான் மூன்று வருஷத்துக்கு முன்பு அவரை விரட்டியிருந்தார் மாப்பிள்ளை.

ஈரத் தலையோடு வந்தவர் அறைவாசலிலேயே நின்றுவிட்டார்.

மரகதம் தேங்காயை நீட்டினாள்.

"இதை எப்படிப் புடிக்கோணும்னு தெரியுமுங்களா? இல்ல, எங்கப்பாவை வரச் சொல்லட்டுங்களா?"