ஐம்பத்தெட்டு வேகன் தூரம்

"டிரைவரம்மா, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?" கடைசிப் பெட்டியிலிருந்து கார்டின் குரல் வாக்கிடாக்கியில் கரகரத்தது.

"ரெண்டு எக்ஸ்பிரஸ் தாண்டணும் சார். நிலக்கரிக்கு என்ன அவசரம்?"

"நிலக்கரிக்கு இல்ல, எனக்கு. பொண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பதினோரு நாளாச்சு!"

எஞ்சினில் டிரைவரம்மாவின் பக்கத்தில் இருந்த உதவி டிரைவர் பல்லைக் கடித்தாள். வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள். 'ராப்பகலா வண்டியோட சுத்துறவ எப்படிக் குடும்பம் நடத்துவா?' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள். ஆபீஸ் வேலைக்கு மாற்றல் கேட்கும் மனு பையில் இருந்தது. அடுத்த ஸ்டேஷனில் கொடுக்க இன்றே கடைசி நாள். காலையில்தான் டிரைவரம்மாவிடம் சொல்லி அழுதிருந்தாள்.

"மனசாரச் சமைச்சு வெச்சேன். வந்தாத்தானே திங்கிறதுக்கு!" கார்டு விடவில்லை.

"அந்தம்மாவுக்கு என்ன கஷ்டமோ சார்."

"புருஷன்னு ஒருத்தன் இருக்கறதே அவளுக்கு மறந்துபோச்சு!"

உதவி டிரைவர் வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள். "கார்டு சார், இவ்வளவு புலம்பலைக் கேட்டும் அந்தம்மா இன்னும் ஓடிப்போகலையே, அதுக்கே நீங்க கும்பிடணும்!"

"ஓடிக்கிட்டுத்தானம்மா இருக்கா!"

சிக்னல் பச்சைக்கு மாறியது. டிரைவரம்மா கைப்பிடியை லேசாக நகர்த்தினார். வேகன்கள் ஒவ்வொன்றாகக் குலுங்க, நாலாயிரம் டன்னும் வாலாட்டிக்கொண்டு பின்னால் வந்தது.

"பார்த்தியாடி? ஆபீஸ் நாற்காலி இப்படிப் பின்னாடி வருமா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டாரின் கேள்வியை நினைத்து, பையிலிருந்த மனுவை வெளியே எடுத்தாள்.

அடுத்த ஸ்டேஷனில் இருபது நிமிட நிறுத்தம். கார்டு அங்கே இறங்கிவிடுவார். டிரைவர்கள் இருவரும் அதே வண்டியில் இன்னும் தூரம் போகவேண்டும். ஐம்பத்தெட்டு வேகன்களையும் நடந்தே தாண்டி, வியர்க்க விறுவிறுக்க, டிபன் பாக்ஸோடு எஞ்சினில் ஏறினார் கார்டு. கையில் மனுவோடு நின்ற உதவி டிரைவர் சண்டைக்குத் தயாரானாள்.

டிரைவரம்மா சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கார்டிடம் நீட்டினார். "இந்தாங்க பீரோ சாவி. நம்ம பெரியவளுக்கு நாளைக்குப் பரீட்சை, காலையில எழுப்பி விட்டுடுங்க."

"பதினோரு நாள் கழிச்சுப் பாக்குறேன், முதல்ல முகத்தைக் காட்டுடி!" என்றார் கார்டு.

உதவி டிரைவர் மாற்றல் மனுவைப் பலகையில் விரித்து, டிபன் பாக்ஸை அதன்மேல் வைத்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."