ஆலைக்கு மூன்றாவது அடிக்கல்

பட்டறைக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில், கட்டைகள்மேல் கிடக்கும் கருங்கல் பலகையில் வட்டமாக விழுகிறது. இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கும் நூற்பாலையை மறுபடி திறக்க அடிக்கல் நாட்டப்போகிறார்களாம். புதுக் கல்லுக்குச் செலவழிக்க மனம் வராமல் பழைய அடிக்கல்லையே தூக்கிவந்த இரண்டு கட்சிச் செயலாளர்கள் ஒரே பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். போன தேர்தல்வரை ஒருவரை ஒருவர் கிழித்தவர்கள், இன்று கூட்டணி. "பின்பக்கம் திருப்பி வெட்டுங்க" என்கிறார் இருவரில் மீசைக்காரர். கல் வெட்டுகிறவர் மூச்சைப் பிடித்துப் புரட்டுகிறார். பின்பக்கமும் எழுத்து நிறைந்திருக்கிறது. அதே ஆலை, வேறு தலைவர், வேறு தேதி. "இது உங்க தலைவர் பேருதானே, தேய்ச்சிடலாம்" என்று மீசைக்காரர் சொல்ல, கண்ணாடிக்காரர் முகம் சிவக்கிறது. "முன்பக்கம் உங்காளு பேரைத் தேயுங்களேன். மில்லை மூடுனதே நீங்கதான்." "அப்ப மிஷினை ஏலம் விட்டது யாரு?" இரண்டு விரல்கள் கல்லுக்கு மேலே மோதாத குறையாக ஆடுகின்றன. அந்த ஆலையில் பதினாலு வருடம் நூல் சுற்றியவள், கல் வெட்டுகிறவரின் மனைவி, வாசலில் யாருடைய சட்டைக்கோ பித்தான் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "ரெண்டும் நெசந்தான்" என்கிறாள். அவள் புருஷன் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுக்கிறார். "எதுக்கு வெட்டிக்கிட்டு? இதுலயே எழுதித் தர்றேன், கொண்டுபோங்க. அடுத்து வர்றவங்களுக்கு அழிக்கச் சுலபமா இருக்கும்."