முன்வரிசையில் தலைவர்

“ஜீப்பு நம்ம வாசல்லதான் நிக்குது. பின்பக்கமாப் போயிருங்க!”

சாராள் ஜன்னலை விட்டு ஓடி வந்தாள். அவள் கணவர், கல்லூரிப் பேராசிரியர் ஞானசிகாமணி, இட்லியிலிருந்து தலை நிமிரவில்லை.

“பஞ்சாயத்துத் தலைவர் ஜீப்புதானே? வரட்டும்.”

“நேத்து அம்புட்டுச் சனத்துக்கு முன்னால அவரைச் சந்தி சிரிக்க வச்சுட்டு, வரட்டும்ங்கிறீகளே!”

பழங்காலக் கிரேக்க நகைச்சுவை நாடகங்கள்தான் ஞானசிகாமணியின் ஆராய்ச்சி. அங்கே தலைவர்களைப் பேர் சொல்லியே மேடையில் கிண்டலடிப்பார்களாம். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்திருந்தது. அதோடு விட்டாரா மனுஷன்? அப்படியொரு நாடகத்தைத் தமிழில் எழுதி, ஊர்த் திருவிழாவில் மேடையேற்றிவிட்டார். மாலையைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் போட்டுவிட ஆள் தேடி அலையும் தலைவர்தான் கதாநாயகன். பெயர் சுருளியாண்டி.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் அசல் சுருளியாண்டி மட்டும் கல்லாய் உட்கார்ந்திருந்தார்.

“தேர்தல் நேரம்ங்க. போன தடவை அவரை எதுத்து நின்ன ராக்கையாவோட திராட்சைக் கொடியெல்லாம் ஒரே ராத்திரியில வெட்டுப்பட்டுக் கிடந்துச்சு. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.”

“தெரியும் சாராள். எல்லாம் எனக்குத் தெரியும்.”

“என்னத்தத் தெரியும்? எனக்கு நெஞ்சு அடைக்குது!”

செருப்புச் சத்தம் நெருங்கியது. சுருளியாண்டி உள்ளே வந்தார். கூட வந்த இரண்டு தடியர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினார்.

சாராள் பாய்ந்து வந்து கணவருக்கு முன்னால் நின்றாள்.

“அண்ணே, மன்னிச்சிருங்க! இவுகளுக்குப் படிப்பு இருக்கிற அளவுக்கு விவரம் பத்தாது. இனிமே நாடகம்னு வாயே தொறக்க மாட்டாக.”

“கொஞ்சம் தள்ளி நில்லு ஆத்தா. வாத்தியாரையாகிட்ட நேருக்கு நேர் ஒண்ணு கேக்கணும்.”

அவர் முகத்தில் கடுகடுப்பு. ஞானசிகாமணி கை கழுவிவிட்டு எழுந்தார். சாராள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினாள்.

“ஏன்யா, நான் மீசைக்கு மை பூசுறதையும் சேத்துக் கிண்டலடிக்கச் சொல்லிப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, அதை ஏன் விட்டீக?” என்றார் சுருளியாண்டி. “மேடையில கிண்டல் வாங்கின ஆளைத்தான் சனங்க மறுபடியும் தேர்ந்தெடுத்தாகன்னு கட்டுரையில எழுதினது நீங்கதானே?”