இரண்டே சீற்று

"பின்னுக்கு சீற்று இல்லயா? இவ்வளவு விலையான கார்லயா?"

நிருஷா கத்தினாள். களுதாவளையைத் தாண்டி, வாவிக்கரை ரோட்டில் ஆளில்லாத பஸ் ஹோல்ட். கிளினிக்குக்குப் போகவென்று வந்த இடத்தில் அவளுடைய அப்பா நல்லரத்தினம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஆட்டோவுக்குப் போன் எடுத்தாயிற்று. வரக் கால்மணித்தியாலம் ஆகுமாம். ரெண்டு வேன் நிற்காமல் போனது. கையைக் காட்டியதும் நின்றது இந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும்தான்.

"இல்லத் தங்கச்சி. பாரத்தக் குறைக்கிறதுக்கெண்டு கம்பனியே பின் சீற்று இல்லாமத்தான் செய்தது. உலகத்திலேயே இப்பிடி முந்நூறு கார்தான்" என்றான் ஸ்டியரிங்கில் இருந்தவன்.

அவள் எட்டிப் பார்த்தாள். பின்னால் வெறும் தகடு. ஏசி இல்லை, ரேடியோ இல்லை. கதவின் உள்பக்கம் கைபிடிகூட இல்லை; ஒரு துணிப்பட்டிதான் தொங்கியது.

முன் சீற்றில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவனைப் பார்த்தாள். நல்லரத்தினத்தைப் பார்த்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

"சுறுக்கா ஏத்துங்க."

மூன்று பேருமாகத் தூக்கி வைத்தார்கள்.

"அப்ப நான்?"

"இடமில்ல தங்கச்சி. களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்கு வாங்க."

கார் சீறிக்கொண்டு போய்விட்டது.

நிருஷாவின் கோபமெல்லாம் அந்தப் பெண்ணின் மேல் திரும்பியது.

"ஆளேத்த ஏலாத கார் என்னத்துக்கு உங்களுக்கு? சீற்று இல்லாததுக்குக் கூடக் காசு குடுத்து வாங்கிற ஆக்கள இண்டைக்குத்தான் பார்க்கன்!"

அந்தப் பெண் கார் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கட மனிசன் ஆறுதலா ஒரு சொல்லுச் சொன்னாரா? அப்பாவ மூட்டை மாதிரி ஏத்திக்கிட்டுப் போறார். ஆரெண்டே தெரியாத ஆளுக்கிட்ட அப்பாவக் குடுத்திட்டு நிக்கன். அது உங்களுக்கு எங்க விளங்கப் போகுது!"

"விளங்குது புள்ள."

"என்ன விளங்குது? காருக்குள்ள இருந்து உலகத்தப் பார்க்கிற ஆக்களுக்கு என்ன விளங்கும்?"

ஆட்டோ தூரத்தில் வரும்போது போன் அடித்தது. அப்பாவின் நம்பர். நிருஷா பாய்ந்து எடுத்தாள்.

"தங்கச்சி, உள்ள எடுத்திட்டாங்க. நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க, இனிப் பயமில்லயெண்டு டொக்டர் சொல்றார். அப்பாட போனாலதான் பேசுறன். நீங்க வரும்வரைக்கும் நான் இஞ்சதான் நிப்பன்."

அவள் விம்மி விம்மி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"அக்கா, உங்கட மனிசன். பேசுங்க. நான் ஏசினத மனசில வெச்சிராதீங்க."

அந்தப் பெண் இப்போதுதான் ஹோல்ட்டின் சிமெந்துத் திண்ணையில் உட்கார்ந்தாள்.

"என்ர மனிசன் கண்ண மூடி ஒரு வருசம் புள்ள. கார் அவர்ர. இந்தத் தம்பி ஆரெண்டு எனக்கும் தெரியா. கார வாங்கிறதுக்கு ஓட்டிப் பார்க்க வந்தவர். தனியக் குடுக்கப் பயத்திலதான் நானும் கூட ஏறி வந்தன்."