வறுத்த மண்

"உயிர் இருக்குன்னே காட்டுது" என்று செல்போனைத் திரும்பவும் பார்த்தாள் கிருஷ்ணப்ரியா.

"நல்லதுதானே?" என்றான் கணவன் மருதுபாண்டி.

"என்ன பேசுறீக? செவ்வாய்க் கிரகத்துல உயிர் தேடப்போற கருவி இது. செத்த மண்ணை வச்சா இல்லைன்னு சொல்லணும். அதுக்குத்தான் மண்ணை வறுத்துப் பானையில போட்டு, கருவியை அதுல சொருகி இருட்டறையில வச்சேன். முதல்ல சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு மூணு நாளா இப்படி. நாளைக்கு ஆபீஸ்ல எப்படிக் காட்டுவேன்?"

சோதனை தொடங்கிய ஒரு வாரமாகவே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது, பானையை மூடிய துணியை விலக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

"கருவியில கோளாறா இருக்கும். கழட்டிப் பாரு" என்றவன், அடுக்களைப் பக்கம் திரும்பினான். "அம்மா, இன்னைக்கும் மீன் எடுக்கலையா?"

அங்கே அவன் அம்மா புஷ்பவள்ளி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணப்ரியா ஸ்க்ரூடிரைவரோடு போய்த் துணியை விலக்கினாள். பானை நிறைய, வெளிர்மஞ்சளாய்ப் பயறு முளைத்து நின்றது. கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"அத்தை, இது யாரு வேலை?"

மாமியார் அறை வாசலில் தயங்கி நின்றாள்.

"நீ மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு, யார் கண்ணுலயும் படாம முளைப்பாரி போட்டிருக்கன்னு நெனச்சேன் தாயி. அதான் வீட்டுல கவுச்சி சேக்கல. எட்டிப் பாத்தா ஒண்ணுமே முளைக்கல. நீயோ சாப்பிடாமத் தவிச்சுக்கிட்டுத் திரியிற. மனசு கேக்கல. நாந்தான் ஊறவச்ச பயறப் போட்டுத் தண்ணி தெளிச்சேன்."

கிருஷ்ணப்ரியா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"அதான் முளைச்சிருச்சுல்ல. இனிமேயாச்சும் வந்து ஒரு வாய் சாப்பிடு."