நூற்றுப்பத்து மீட்டர்

"எத்தன டீச்சர்?"

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் தில்லைநாயகம் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சு நிதானத்துக்கு வருமுன்பே கேள்வி வந்துவிட்டது.

ஹெப்சிபா ஸ்டாப் வாட்சைப் பார்த்தாள். "இருபத்தஞ்சு. போன மாசத்துக்கு மூணு குறைஞ்சிருக்கு. நல்லாத்தானே ஓடுதீய!"

"காணாது டீச்சர். இன்னும் குறையணும்."

பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக விளையாட்டு ஆசிரியை அவள். சாயங்காலம் மைதானத்தில் ஓடிப் பழக வெளியாட்களும் வருவார்கள், பெரும்பாலும் போலீஸ் வேலைக்கு முயலும் பிள்ளைகள். ஐம்பத்து நாலு வயசுக்காரர் ஒருவர், அதுவும் ஜங்ஷன் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து "என்னய வேகமா ஓட வைக்கணும்" என்று நின்றது இதுதான் முதல் தடவை.

முதலில் டாக்டரிடம் அனுப்பினாள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதி, பைய ஓடலாம் என்றார் டாக்டர். இரண்டு வாரம் நடக்கவிட்டாள். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினாள், டீக்கடை வடையை நிறுத்தினாள். பிறகுதான் ஓட்டம்.

"முதல் பத்து எட்டும் குட்டை குட்டையா வைங்க. உடம்பு முன்னால சாயட்டும். பல்லைக் கடிக்காதீய. தாடை இறுகினா தோளும் இறுகிரும்."

சொன்னதை அப்படியே செய்தார். நாலு மாசத்தில் ஆறு கிலோ இறங்கியிருந்தது. இப்படி ஒரு மாணவி தனக்கு அமைந்ததே இல்லை என்று ஹெப்சிபா நினைத்துக்கொள்வாள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். நூறு மீட்டர் வேண்டாம், நூற்றுப்பத்து அளந்து கோடு போடச் சொன்னார். இன்னொன்று, நின்றுகொண்டு புறப்பட மாட்டார். வெறுங்காலோடு தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். விசில் கேட்டதும் எழுந்து ஓடுவார்.

"படுத்துக்கிட்டு ஆரம்பிக்குத போட்டி எங்கயும் கிடையாது அண்ணாச்சி."

"எனக்கு அப்படித்தான் வேணும் டீச்சர்."

அவளும் இரண்டு நாள் யோசித்து அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். "மல்லாக்கப் படுக்காதீய. வலது பக்கமா ஒருச்சாஞ்சு, ஒரு காலை மடக்கி வச்சுக்கிடுங்க. கைய ஊணி எந்திக்கும்போதே முதல் எட்டும் விழுந்துரும்."

அன்றைக்கு ஒன்றரை விநாடி குறைந்தது. அதற்குப்போய் அவர் கண்கலங்கியது அவளுக்கு விநோதமாக இருந்தது.

ஒரு தடவை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "ரெண்டு நாளைக்கு ஓடவே கூடாது. ஓய்வும் பயிற்சிதான்" என்றாள்.

"ரெண்டு நாளா?" அவர் முகத்தில் தெரிந்தது பிடிவாதம் இல்லை, பயம்.

"இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு? வீட்டுல அக்கா ஏசலையா?"

"அவ இப்ப ஒண்ணும் சொல்லுததில்ல டீச்சர்."

மெடல் ஆசை மனுஷரை என்ன பாடு படுத்துகிறது என்று ஹெப்சிபா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். தை மாசம் மதுரையில் மூத்தோர் தடகளப் போட்டி நடக்க இருந்தது. சொல்லாமல் விண்ணப்பம் வாங்கி, தன் கையாலேயே பூர்த்தி செய்தாள். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனைக்கு முன்னால், லூனாவை எடுத்துக்கொண்டு தச்சநல்லூருக்குப் போனாள். அப்போதுதான் விடிந்திருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் கடைசி வீடு. கதவு திறந்து கிடந்தது. வாசற்படிக்குக் குறுக்கே பாய் விரித்து, வலது பக்கமாக ஒருக்களித்து, ஒரு காலை மடக்கி, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தூக்கத்திலும் பயிற்சியா! கூப்பிட வாயெடுத்தாள்.

தூரத்தில் ரயில் ஊதியது. தில்லைநாயகம் கண்விழித்து வீட்டுக்குள் ஒரு தடவை பார்த்தார். அடுத்த கணம் கை ஊன்றியது, முதல் எட்டு விழுந்தது. அவளைத் தாண்டிப் போனவர் அவளைக் கவனிக்கவில்லை. குட்டை எட்டுகள், முன்சாய்ந்த உடம்பு, இறுகாத தாடை. ஒரு பிழை இல்லை. ஹெப்சிபாவின் வாய் தன்னால் எண்ணத் தொடங்கியது.

பதினேழு, பதினெட்டு என்று வரும்போதுதான் அவர் எதை நோக்கி ஓடுகிறார் என்று பார்த்தாள். கருவேலம் புதர்களுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அதன் நடுவில் நைட்டி போட்ட ஒரு பெண், வருகிற ரயிலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

இருபத்துமூன்றில் ரயில் குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஹெப்சிபா எண்ணுவதை நிறுத்தவில்லை. கடைசிப் பெட்டி போன பிறகு பார்த்தாள். மறுபக்கத்து ஜல்லியில் அந்தப் பெண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் கிடந்தார்.

அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து பாயில் உட்கார வைத்தார். இருபது வயசு இருக்கும். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவள் பாதத்தில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிவிட்டுத்தான் அவர் தன் முழங்கை ரத்தத்தைத் துடைத்தார்.

"என் மக சங்கரி. ஒரு வருசமா இப்படித்தான் டீச்சர். பகல்லயும் சாயங்காலமும் என் தங்கச்சி வந்து பாத்துக்கிடுதா. விடியக்காலந்தான் இவளுக்கு ஆகாத நேரம்."

"கதவப் பூட்டி வைக்கலாமே அண்ணாச்சி?"

"பூட்டினா சுவத்துல தலைய மோதுதா. பூட்டக்கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. குறுக்க படுத்தாலும் சத்தமில்லாமத் தாண்டிப் போயிருதா."

ஹெப்சிபா விண்ணப்பத்தைக் கைக்குள் மடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்படியில் யாரும் இல்லை. "அக்கா எங்க? அவங்க பக்கத்துலயே படுத்து, கையப் பிடிச்சுக்கிடலாம்லா?"

தில்லைநாயகம் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"அவளத்தான் நாலு எட்டுல விட்டுட்டேன், டீச்சர்."